பாதாளத்துக்கு டிக்கெட்

பி.எஸ்ஸி. ஜியாலஜியில் சேர்ந்தவனிடம் எண்பதுகளில் உறவுக்காரர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "அது என்ன, கல்லு உடைக்கிற படிப்பா?" என்பது முதலாவது. "பி.காம். கிடைக்கலையா?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் ஆமாம்தான் என்பதால் நான் அதிகம் பேசியதில்லை. மற்ற வகுப்புக்காரர்கள் கல்விச் சுற்றுலா என்று சொல்லி ஊட்டிக்குப் போய்ப் படகு விட்டுத் திரும்பினார்கள். எங்கள் பேராசிரியருக்குப் பூமிக்கு மேலே இருக்கிற எதிலும் நாட்டமில்லை. பொந்து எங்கே இருக்கிறதோ அந்த ஊருக்கு ரயிலேறுவார். பின்னால் நாங்கள், ஆளுக்கொரு சுத்தியலும் மூன்று கட்டை டார்ச்சும் புளியோதரைப் பொட்டலமுமாக.

படிப்பு முடிந்ததும் நான் வங்கியில் சேர்ந்துவிட்டேன். நகைக்கடன் பிரிவில், நகையில் பதித்த கல்லின் எடையைக் கழிப்பதுதான் என் ஜியாலஜிக்கு வேலையில் கிடைத்த ஒரே பயன். ஓய்வுபெற்ற பிறகு மகளும் மருமகனும் "எங்கப்பா போகலாம்?" என்று கேட்டபோது, காசி ராமேஸ்வரம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் பழைய பொந்துகளின் பட்டியலை எடுத்து நீட்டினேன்.

பட்டியலில் முதலாவது, ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் உள்ள பொர்ரா. அன்று விசாகப்பட்டினத்திலிருந்து கிரந்துல் பாசஞ்சரில் போனோம். அந்தத் தடமே ஆட்களுக்காகப் போட்டதல்ல. பைலடிலா மலையின் இரும்புத்தாதுவை ஜப்பானுக்கு அனுப்புவதற்காக 1960களில் கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து போட்டது. மனிதர்கள் ஏறிக்கொள்வது தாதுவின் பெருந்தன்மை. தடம் முழுவதும் 58 சுரங்கங்கள். ஒவ்வொன்றிலும் நுழையும்போது பெட்டியே "ஓ"வென்று கத்த வேண்டும் என்பது விதி. பொர்ரா வருவதற்குள்ளேயே எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

குகை வாசலில் மலை ஊர்ப் பையன்கள் தீவட்டியோடு நின்றார்கள். கழியில் கந்தல் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்தது. பேரம் பேசியது சார்தான், தமிழில். அவர்கள் பதில் சொன்னது தெலுங்கிலோ தங்கள் மலை மொழியிலோ. எப்படியோ விலை படிந்தது. உள்ளே இறங்கினால் படி கிடையாது. ஈரமான களிமண், வௌவால் எச்சம், காலுக்குக் கீழே எங்கேயோ கோஸ்தனி ஆற்றின் இரைச்சல். தீவட்டி வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது தீவட்டியின் புகை மட்டும்தான். புகை விலகும் நேரத்தில் எதிரே ஒரு பெரிய தூண் நிற்கும், அல்லது கூரையிலிருந்து ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த விநாடி மறுபடி புகை.

நடுக்குகைக்கு வந்ததும் சார் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். கண் பழகிவிடும் என்று காத்திருந்தோம். பழகவில்லை. அமாவாசையிலும் வானத்திலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வரும். அங்கே அதுவும் இல்லை. மூக்குக்கு முன்னால் கையை ஆட்டினால், கை இருக்கிறது என்பது நம்பிக்கை சார்ந்த விஷயமாக இருந்தது. அந்த இருட்டில்தான் பாடம் நடந்தது.

"மழைத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்குறப்ப அங்க இருக்கிற கரியமில வாயுவைக் கரைச்சுக்குது. லேசா அமிலமாயிடுது. அது சுண்ணாம்புப் பாறையை அரிச்சு, சுண்ணாம்பையும் சுமந்துகிட்டுக் கீழ வருது. கூரையில வந்து சொட்டாத் தொங்குறப்ப வாயு காத்துல போயிடுது, சுண்ணாம்பு அங்கயே தங்கிடுது. கூரையில தங்கினா ஸ்டாலக்டைட். சொட்டு விழுந்த இடத்துல எழும்பினா ஸ்டாலக்மைட். ஒரு சென்டிமீட்டர் வளர நூறு வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அப்ப நான் மேத்ஸ் அரியரை முடிக்கிறதுக்குள்ள ஒரு மில்லிமீட்டராவது வளர்ந்துடும் சார்" என்றது ஒரு குரல். யார் என்று கண்டுபிடிக்க முடியாத இருட்டு என்பதால் சாரும் விட்டுவிட்டார்.

இப்போது அதே தடத்தில் 2017 முதல் விஸ்டாடோம் பெட்டி ஓடுகிறது. கூரையும் கண்ணாடி, பக்கமும் கண்ணாடி, இருக்கை சுற்றும். மலையைப் பார்ப்பதற்காக இவ்வளவு கண்ணாடியைப் போட்டு, அந்தப் பெட்டியைச் சுரங்கத்துக்குப் பின் சுரங்கமாக ஓட்டுகிறார்கள். கத்தும் வழக்கம் மட்டும் மாறவில்லை. ஆனால் கத்துகிறவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள், வெறும் கறுப்பைப் படம் எடுத்தபடி.

குகை வாசலுக்கு முன்னால் பார்க்கிங், டிக்கெட், கேமராவுக்குத் தனி டிக்கெட், குரங்குகள், மூங்கில் குழாயில் கோழியைத் திணித்துத் தணலில் சுடும் கடைகள். அந்த மூங்கில் சிக்கனைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. சொல்லப்போனால் புளியோதரைப் பொட்டலத்தோடு ஒப்பிட்டால் மானுட இனம் முன்னேறியிருக்கிறது என்பதற்கு அது ஒன்றே சாட்சி. உள்ளே சிமெண்ட் படி, கைப்பிடிக் கம்பி. கூரையெங்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று விளக்குகள். கல்யாண மண்டபத்து வாசலில் சீரியல் செட் போட்டதுபோல ஜொலிக்கிறது. பொண்ணும் மாப்பிள்ளையும்தான் பாக்கி என்று நினைத்தேன். அவர்களும் வந்தார்கள், போட்டோகிராபரோடு.

எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி உற்சாகமான பையன். கையில் லேசர் பேனா. சிவப்புப் புள்ளி கூரையில் ஓடி ஓடி நின்றது. "இது சிவன் பார்வதி. இது தாயும் குழந்தையும். இது முதலை. இது மனுஷ மூளை." எங்கள் தமிழ் காதில் விழுந்ததும் அவன் முகம் மலர்ந்தது. "சார், முருகன்! வேல் பாருங்க, பக்கத்துல மயில்!" எங்களுக்கு முன்னால் போன வங்காளிக் குடும்பத்துக்கு அதே பாறையை அவன் துர்க்கை என்று காட்டியதை நான் கவனித்திருந்தேன். குறை சொல்ல மாட்டேன். பாறை எதையும் மறுக்கவில்லை, வங்காளிகளும் கும்பிட்டார்கள், என் மனைவியும் கும்பிட்டாள். ஒரு கல்லை வைத்து இரண்டு மாநிலத்துக்கு அருள் வழங்க எந்த ஜியாலஜிஸ்டாலும் முடியாது.

இவற்றுக்கெல்லாம் முன்பே அங்கே ஒரு லிங்கம் உண்டு. மேய்ந்துகொண்டிருந்த பசு கூரையில் இருந்த துளை வழியே உள்ளே விழுந்துவிட்டதாம். தேடி வந்த இடையன் பசுவையும் பார்த்தான், லிங்கத்தையும் பார்த்தான் என்பது ஊர்க்கதை. சிவராத்திரிக்கு மலை ஊர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். அந்த இடையனின் பெயர் எதிலும் இல்லை. ஆனால் குகையைக் கண்டுபிடித்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் ஜார்ஜ், ஆண்டு 1807 என்று சுற்றுலாக் கையேடுகள் ஒரே குரலில் சொல்கின்றன. நிலவியல் ஆய்வுத் துறை தொடங்கப்பட்டதே 1851இல்தான். பிறக்காத அலுவலகத்தின் சார்பில் ஒருவர் 44 ஆண்டு முன்கூட்டியே டூட்டிக்குப் போயிருக்கிறார். வங்கியில் வேலை பார்த்த எனக்கு இது நம்ப முடியாத சுறுசுறுப்பு.

பேத்தி எதையும் கும்பிடவில்லை. ஒரு விளக்கின் பக்கத்தில் நின்று, "தாத்தா, இந்தக் கல்லு மட்டும் ஏன் பச்சையா இருக்கு?" என்றாள். "நேச்சுரல் கலர் பாப்பா" என்றான் வழிகாட்டி. குனிந்து பார்த்தேன். விளக்கைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பாசி. நாலைந்து இடத்தில் ஊசிமுனை அளவுக்குப் பாசிச்செடியும் முளைவிட்டிருந்தது. வெளிச்சமே புகாத இடத்தில் பாசி பிழைக்காது. விளக்கு போட்டால், பார்வையாளர்களின் செருப்பிலும் காற்றிலும் வந்து சேர்ந்த வித்துகள் அங்கே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். கல்லின் மேற்பரப்பை அது மெல்ல மெல்ல அரிக்கும். உலகம் முழுவதும் விளக்கு போட்ட குகைகளுக்கு இருக்கும் நோய்தான் இது. பேத்திக்கு இதை விளக்கினேன். "அப்ப லைட்டை ஆஃப் பண்ணச் சொல்லு" என்றாள். ஏழாம் வகுப்பு படிக்கிறவளுக்குத் தெரிகிறது. அதற்குள் மருமகன், "மாமா, இங்க ஒரு கோடு கூட சிக்னல் இல்லை" என்று கவலையோடு வந்து நின்றார்.

கை எட்டும் உயரத்தில் இருந்த தூண்களெல்லாம் கறுத்து வழவழவென்று இருந்தன. தொட்டுத் தொட்டு வந்த நிறம் அது. கையின் எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது, கல் வளராது. நூறு ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் என்று மெதுவாக நடந்துகொண்டிருந்த வேலையை, "அட, ஜில்லுன்னு இருக்குடி" என்ற ஒரு தடவலில் நிறுத்திவிடலாம்.

இந்த இடத்தில் "அந்தக் காலத்தில்" என்று பெருமூச்சு விடுவது என் வயதுக்காரர்களின் உரிமை. ஆனால் அந்தக் காலத்தை நான் பார்த்திருக்கிறேன், அதுதான் சிக்கல். கூரையில் இன்னும் போகாமல் இருக்கும் கரி, தீவட்டிக் காலத்துக் கரி. கையெட்டும் ஸ்டாலக்டைட்டுகளில் பாதிக்கு நுனி இல்லை. முறிந்த இடம் மழுங்கிப் பழசாகிவிட்டது, இன்றைய செல்பிக்காரர்கள் மேல் பழி போட முடியாது. சுவரில் கீறிய காதலர் பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தேதிகளும் டிக்கெட் கவுண்டருக்கு மூத்தவை. அந்த மலையில் கால்சைட் வெட்ட தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகையும் விடப்பட்டிருந்தது. மலைமக்களுக்காக சமதா என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியது. பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடியல்லாத தனியாருக்குச் சுரங்கத்துக்காகக் குத்தகைக்கு விடக் கூடாது என்று 1997இல் தீர்ப்பு வந்தது. நாடு முழுவதும் சமதா தீர்ப்பு என்று இன்றும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். குகையின் இருட்டைப் பார்த்து நாங்கள் மெய்மறந்து நின்ற நாட்களில், குகைக்கு ஆபத்து வெளிச்சத்திலிருந்து வரவில்லை, வெடியிலிருந்து வந்தது. சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, முருகன், துர்க்கை எல்லாம் சேர்ந்து கட்டிய வேலி ஒன்று இப்போது அங்கே இருக்கிறது. எனக்கு அந்த விளக்குகள் பிடிக்கவில்லை. ஆனால் டிக்கெட் விற்கிற இடத்தில் யாரும் வெடி வைக்க மாட்டார்கள்.

பேலத்தில் இந்தக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும்.

கர்நூல் மாவட்டமாக இருந்து இப்போது நந்தியால் மாவட்டமாகிவிட்ட பகுதியில், தாடிபத்ரியிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கிறது பேலம். மலை கிடையாது. தட்டையான வயல்வெளி. அதில் கிணறுகளாகத் தோன்றும் மூன்று குழிகள். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் கிணறு இல்லை என்று தெரியும். பாறை கறுப்புச் சுண்ணாம்புக்கல். நம் வீடுகளில் அலமாரித் தட்டாகவும் அடுப்பு மேடையாகவும் கிடக்கிற கடப்பா கல்லுக்குப் பங்காளி. அடுக்கடுக்காகப் படுத்திருக்கும் அந்தப் பாறையின் வெடிப்புகளில் நிலத்தடி நீர் புகுந்து அரித்து அரித்து, சந்து சந்தாக 3,229 மீட்டர் நீளத்துக்கு வழி பண்ணியிருக்கிறது.

நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1884இல் இதைப் பற்றிக் குறித்து வைத்தார். குறித்து வைத்ததோடு சரி. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு அந்தக் குறிப்பை யாரும் தொந்தரவு செய்யவில்லை. 1982, 83இல் ஜெர்மனியிலிருந்து டேனியல் கெபவர் என்ற குகை ஆய்வாளரின் குழு வந்து ஊர்ந்து ஊர்ந்து அளந்து வரைபடம் போட்டது. நாங்கள் போனது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து. ஊர்ப் பெரியவர் ஒருவர் "தொரலு வச்சாரு, லோபலிகி போயாரு" (துரைகள் வந்தார்கள், உள்ளே போனார்கள்) என்று சொல்லிவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். துரைகள் போனதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. பார்த்தால் படித்த பிள்ளைகளாகத் தெரிகிற நாங்கள் ஏன் போகிறோம் என்பதுதான் விளங்கவில்லை. ஏனென்றால் அந்தக் குழி அன்று அக்கம்பக்கத்துக்குக் குப்பைத் தொட்டி. உலகத் தரமான குகைக்கு நாங்கள் இறங்கிய முதல் படி, கிழிந்த கோணி, உடைந்த சட்டி, ஏதோ ஒரு பிராணியின் எலும்பு.

சார் அந்த எலும்பையும் விடவில்லை. கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார். காரணம் இருந்தது. இதே கர்நூல் பகுதியில் பேதஞ்சர்லா பக்கத்தில் பில்லசுர்கம் என்ற குகைத்தொகுதி இருக்கிறது. 1880களில் ஃபுட்டும், ராணுவத்தில் இருந்த அவருடைய மகனும் அங்கே தோண்டிப் பழங்கால விலங்கு எலும்புகளைக் குவியல் குவியலாக எடுத்தார்கள். லண்டனில் இருந்த உயிரியலாளர் ஹக்ஸ்லி ஆர்வம் காட்ட, மதராஸ் கவர்னர் கிராண்ட் டஃப் ஏற்பாடு செய்து நடந்த வேலை அது. சார் கையிலிருந்தது போன வருஷத்து ஆட்டெலும்பு. மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "மேல போங்கடா" என்றார். மேலே எங்கே போவது, கீழேதான் போனோம்.

பேலத்தை இன்றைய பேலம் ஆக்கியதில் சலபதி ரெட்டி என்ற காவல்துறை அதிகாரிக்குப் பெரும் பங்கு உண்டு. அரசைத் துரத்தித் துரத்தி அவர் வாங்கிய கவனம் அது. சுற்றுலாக் கழகம் குப்பையை வாரி, சேற்றை அள்ளி, படி கட்டி, காற்றுக்கு ஊதுகுழாய் வைத்து, 2002இல் திறந்தது. ஒன்றரை கிலோமீட்டர் நடக்கலாம். வாசலில் பெரிய வெள்ளைப் புத்தர் அமர்ந்திருக்கிறார். புத்த பிக்குகள் இங்கே தங்கித் தியானம் செய்ததாக நம்பப்படுகிறது. அவர்கள் அங்கே எப்படி மூச்சு விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஊதுகுழாய் இருந்தும் எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பொர்ராவின் குளுமையை எதிர்பார்த்து வருகிறவர்கள் பேலத்தில் ஏமாறுவார்கள். உள்ளே புழுக்கம் ஆளை அமுக்கும்.

ஆனால் சுவரைப் பார்க்க வேண்டும். அதற்காகவே போகலாம். தொங்கும் கல்லும் நிற்கும் கல்லும் பொர்ரா அளவுக்கு இங்கே இல்லை. இருப்பது வளைவு. இடுப்பு உயரத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது, தோள் உயரத்தில் இன்னொன்று, தலைக்கு மேல் இன்னொன்று. தண்ணீர் எந்த மட்டத்தில் எவ்வளவு காலம் ஓடியது என்பதற்கு அதுவே எழுதிவைத்த பேரேடு. கறுப்புக் கல்லுக்குள் வெள்ளையாகக் கால்சைட் நரம்புகள் குறுக்கே போகின்றன. ஒரு திருப்பத்தில் பேத்தியை நிறுத்தி அந்தப் பள்ளங்களை விரலால் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு கூட்டம் நெருக்கியடித்து, "தாத்தா, வழி விடுங்க, பாதாள கங்கைக்கு லேட்டாகுது" என்றது. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருக்கிற கங்கைக்கு லேட்டாகிறது.

பாதாள கங்கையில் ஒரு சிறு ஓடை தோன்றி உடனே பாறைக்குள் மறைந்துவிடுகிறது. அன்று அந்தப் பக்கம் வயிற்றால் ஊர்ந்து போனோம். திரும்பி வரும்போது ஒருவன் தோள் சிக்கி, பின்னால் இருந்தவன் அவன் காலைப் பிடித்து இழுக்க, இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டது முழுக் குகைக்கும் கேட்டது. இன்று இரும்புப் படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். இயற்கையான குகைக்குள் இரும்பைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டார்கள் என்று கட்டுரை எழுதும் உரிமை, முட்டி நன்றாக இருப்பவர்களுக்கு உண்டு.

சப்தஸ்வர குகை என்று ஒன்று, 2006இல் வழி செய்தது. தொங்கும் கற்களைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் தரும். எங்கள் கண் முன்னால் ஒரு பெரியவர் மோதிரக் கையால் தட்டிப் பார்த்து, "ரிஷபம் சரியில்லை" என்றார். இப்படி நாலு பேர் சுதி சேர்த்தால் ரிஷபம் மட்டுமல்ல, மற்ற ஆறும் போய்விடும்.

ஆந்திராவில் இவ்வளவு நடக்க, சென்னைக்குப் பக்கத்தில் நம் குடியம் இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம், புதர்க்காட்டுக்குள். இங்கே சுண்ணாம்பு இல்லை. கூழாங்கற்கள் சிமெண்ட் கலவையில் கலந்ததுபோல் ஒட்டிக்கிடக்கும் பாறை, அதில் வாய் பிளந்த பெரிய ஒதுங்கிடங்கள். பாறையிலிருந்து உதிர்ந்து விழும் அந்தக் குவார்ட்சைட் உருண்டைகளைத்தான் இந்தப் பகுதியின் ஆதி மனிதர்கள் எடுத்துக் கைக்கோடரி செதுக்கினார்கள். மூலப்பொருள் கூரையிலிருந்தே விழும் தொழிற்சாலை. பேலத்தைக் குறித்துவைத்த அதே ஃபுட்தான் 1863 மே மாதம் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு வில்லியம் கிங் என்ற சக ஊழியரோடு இங்கே அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். இந்த கிங், நிலவியல் துறை பிறந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர், சந்தேகம் வேண்டாம். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு வரை போகிறது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தார்கள். குடியம் குகையை 1960களில் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி அகழ்ந்தார்.

அன்றும் இன்றும் என்று எழுத உட்கார்ந்தால் குடியம் என் கட்டுரையைக் கெடுக்கிறது. ஏனென்றால் பெரிதாக எதுவும் மாறவில்லை. அன்று கடைசிச் சில கிலோமீட்டர் நடந்தோம், இன்றும் நடைதான். அன்று ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனோம், இன்றும் அப்படித்தான். அவர் வழியில் எங்களை நிறுத்தி, "யாராவது சென்ட் போட்டுருக்கீங்களா?" என்று கேட்டார். மருமகன் கை தூக்கினார். "தம்பி, நீங்க இங்கயே நில்லுங்க." குகைக் கூரையில் ஆளுயரத்துக்கு மலைத்தேன் கூடுகள் தொங்கின. சில இடங்களில் கூடு போய்விட்டிருந்தது. ஒட்டியிருந்த தடம் மட்டும் பாறையில் வெளிறிய கறையாக, நடுக்கோடும் இரு பக்கம் வரிகளுமாகத் தெரிந்தது. அது என்ன என்று நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "பழைய அடை. போன வருஷத்துது."

இந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு பீம்பேட்காவில்தான் தெரியும். போபாலிலிருந்து 45 கிலோமீட்டர். 1957இல் தொல்லியலாளர் வாகண்கர் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே பாறைகளைப் பார்த்து, இறங்கி நடந்து போய்க் கண்டுபிடித்த ஓவியக் குகைகள். 2003இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அங்கே ஆடிட்டோரியம் குகை என்று அழைக்கப்படுவதன் கூரையில், 55 கோடி ஆண்டுக்கு முந்தைய டிக்கின்சோனியா என்ற உயிரினத்தின் புதைபடிவம் இருப்பதாக ஒரு சர்வதேச ஆய்வுக்குழு 2021இல் அறிவித்தது. பூமியின் மிகப் பழைய விலங்குகளில் ஒன்று, இந்தியாவில் முதல் முறையாக! செய்தி வந்த அன்று பழைய வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் கண்ணீரே வந்தது. அரியர் வைத்தவன்தான் முதலில் வாழ்த்து அனுப்பினான். பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோசப் மீர்ட் குழு நேரில் போய்ப் பார்த்தது. 55 கோடி ஆண்டு தாங்கிய புதைபடிவம் அதற்குள் பாறையிலிருந்து உரியத் தொடங்கியிருந்தது. அது மலைத்தேனீக் கூடு இருந்த தடம். முதல் குழுவின் தலைவர் ரெட்டலாக் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். அறிவியலில் அது பெரிய மனசு. குடியத்து ஊர்க்காரரை அழைத்துப் போயிருந்தால் விமானச் செலவு மிச்சம்.

பீம்பேட்காவின் ஓவியங்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. யானையும் காட்டுப்பன்றியும் வில்லேந்தியவர்களும் தனிக் கட்டுரை கேட்பவர்கள். இருட்டும் இல்லை, வண்ண விளக்கும் இல்லை, பகல் வெளிச்சத்தில் நின்றபடி பார்க்கலாம். அங்கே மட்டும் என் கூட வந்தவர்கள் யாரும் அவசரப்படவில்லை.

பட்டியலில் பாக்கி இருப்பது மேகாலயா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள். சிரபுஞ்சிப் பக்கத்தில் மௌம்லூ குகையில் வளர்ந்த ஒரு ஸ்டாலக்மைட்டை வெட்டி ஆராய்ந்ததில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பொய்த்த தடம் அதில் பதிவாகியிருந்தது. அதையே எல்லைக்கல்லாக வைத்து, அன்று முதல் இன்று வரையிலான காலத்துக்கு மேகாலயன் காலம் என்று 2018இல் அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆக, நாம் எல்லோரும் ஒரு சொட்டுக்கல் தொடங்கிவைத்த காலத்தில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். பஞ்சாங்கத்தில் இன்னும் வரவில்லை. பக்கத்திலேயே மாவ்ஸ்மாய் குகையில் விளக்கு போட்டிருக்கிறார்கள், எளிதாகப் பார்க்கலாம். ஆனால் எனக்கு விளக்கு போடாத குகை ஒன்றுக்குள் போய், டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு தடவை நிற்க வேண்டும்.

மருமகன் விமான டிக்கெட் விலை பார்த்தார். மகள் என் முட்டியைப் பார்த்தாள். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "இருட்டைத்தானே பாக்கணும்? ராத்திரி மெயினை ஆஃப் பண்ணித் தர்றேன், ஸ்டோர் ரூம்ல போய் உக்காருங்க."